அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவர்

கைமுகி, ஹொனலூலு
மார்ச் 11, 1996

தம்பி வெண்டெலுக்கு,

நேற்று பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கை தவறி வைக்கவில்லை, வேண்டுமென்றுதான் வைத்தேன். போனில் நீ ஆரம்பித்தால் எனக்கு மூச்சுவிட இடம் கிடைப்பதில்லை. கடிதத்திலாவது ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கலாம். நீயும் கடிதமே எழுது. லாஸ் வேகாஸில் தபால்தலை விற்பார்கள் என்று நினைக்கிறேன்.

நம் வீட்டை வாங்க ஆள் கிடைத்துவிட்டது. மரிவிக் அக்பயானி என்று பெயர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் மார்லன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். கலிஹியில் மாமனார் வீட்டு மாடியில் ஒரே அறையில் குழந்தையோடு இருக்கிறார்கள். வீட்டைப் பார்க்க வந்தபோது ஒரு தட்டு நிறைய பன்சித் நூடுல்ஸ் செய்து கொண்டுவந்தாள். கொல்லையில் இருக்கும் மாமரத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இதை வெட்டிடமாட்டீங்களே?" என்று கேட்டாள். வாங்கியபிறகு மரம் தன்னுடையது என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். ஒப்பந்தத்தில் கரையான் சோதனை என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. தரகர் லொரெட்டா உட்காரவைத்து விளக்கினாள். வாங்குகிறவர்கள் சொல்லும் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து, கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற இடமெல்லாம் பார்த்து அறிக்கை எழுதுவார். உயிருள்ள கரையான் இருந்தால் நாம்தான் ஒழித்துக் கொடுக்கவேண்டும். மரம் ரொம்பக் கெட்டிருந்தால் அவர்களுடைய பாங்கு கடன் கொடுக்காது, ஒப்பந்தம் போயிற்று. அது போதாதென்று, விற்கிறவர் தனக்குத் தெரிந்த குறைகளைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இப்போது வந்த சட்டம். தெரிந்து மறைத்தால் கோர்ட்டுக்கு இழுக்கலாம்.

எனக்கு என்ன தெரியும் என்று சொல்கிறேன். தினமும் காலையில் செத்துப்போன நம் பெரியவர்களுக்குச் சோறு வைக்கப் போகும்போது பூசை அலமாரியின் கீழ்த்தட்டில் கசகசா மாதிரிப் பழுப்பாக ஒரு சிட்டிகை கிடக்கிறது. உலர்ந்த மரத்தைத் தின்னும் கரையான் தள்ளிவிடுகிற எச்சம். அம்மா போன பிறகு ஒருநாள் பார்த்தேன், துடைத்தேன். மறுநாளும் இருந்தது. யாராவது வருவதாக இருந்தால் இரண்டு தரம் துடைக்கிறேன், திருட்டுச் சாமானை ஒளித்து வைக்கிறவளைப் போல. அலமாரி நடு அறைச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. நம் வீடு ஒற்றைப் பலகைச் சுவர் வீடு, கூரையின் பாரம் அந்தச் சுவரில்தான் இறங்குகிறது, அதன் மறுபக்கத்தைச் சமையலறைத் தட்டுகள் மறைத்திருக்கின்றன. அலமாரிக்குப் பின்னால் சுவர் இருக்கிறதோ, வெறும் பெயின்ட்தான் நிற்கிறதோ, யாருக்குத் தெரியும்?

மோயிலீலியில் வயதானவர்கள் குடியிருப்பில் எனக்கு இடம் கிடைத்திருப்பது உனக்குத் தெரியும். ஜூன் கடைசிக்குள் நான் போகாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். என் முழங்கால் இந்த வாசற்படிகளை இன்னொரு வருஷம் ஏறாது.

அதனால் கேட்கிறேன். சோதனைக்கு முன்னால் வந்து அலமாரியை எடுத்துக்கொண்டு போ. மூத்த மகன் நீ. அப்பா, அம்மா, தாத்தா பாட்டி பெயர் எழுதிக் கும்பிடுகிற பலகைகள் உன் வீட்டில்தான் இருக்கவேண்டும், பெண் அதை வாங்கிக்கொள்ளவும் கூடாது, இடம் மாற்றவும் கூடாது. முப்பது வருஷமாகச் சோறும் தேநீரும் வைக்கிறேன், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. தூக்கத்தான் கூடாதாம். நல்ல வழக்கம்.

உன் அக்கா,
டோரீன்


லாஸ் வேகாஸ்
மார்ச் 18, 1996

அக்காவுக்கு,

தபால்தலை விற்கிறார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கிழவி ஹிலோக்காரி, நம் தீவுகளிலிருந்து வந்தவள். அவள் பேரன் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாங்க முடிந்தது. இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் நம் ஆட்கள்தான்.

நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. சட்டம் உன்னிடம் என்ன கேட்கிறது? தெரிந்ததைச் சொல் என்கிறது. தெரியாததைத் தோண்டி எடுத்துச் சொல் என்று கேட்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அங்கே எதுவும் இல்லாமலும் இருக்கலாம். நான் தினமும் எட்டு மணி நேரம் சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிறவன், எனக்குத் தெரிந்த ஒரே பாடம் இதுதான்: கவிழ்ந்து கிடக்கிற சீட்டை நீயாகத் திருப்பாதே. அந்தக் கசகசா ஊதுபத்திச் சாம்பலாக இருக்கும், இல்லாவிட்டால் எள்ளாக இருக்கும். நீதான் எல்லாவற்றிலும் எள்ளைத் தூவுகிறவளாயிற்றே.

சோதனைக்கு வருகிறவன் சாமான்களை நகர்த்தமாட்டான். அது அவர்கள் விதி, விசாரித்துவிட்டேன். அதுவும் பூசை அலமாரியை நம்மூரில் எந்த மடையன் தொடுவான்? கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான்.

இன்னொன்றையும் யோசி. வீடு முழுவதற்கும் கூடாரம் போட்டு விஷப்புகை அடித்தோமே, மறந்துவிட்டாயா? அப்போதே வீட்டிலிருந்த கரையான் வம்சம் மொத்தமும் செத்திருக்கும். மூத்த மகன் எதுவும் செய்யவில்லை என்று சொல்லிக் காட்டுகிறாயே, அன்றைக்குப் பூசை அலமாரியைச் சுமந்தவன் யார்? கூடாரக்காரன் சாப்பாட்டுச் சாமான், மருந்து, செடி இவற்றை மட்டும் வெளியே எடுக்கச் சொன்னான். அம்மாதான் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். "உங்கப்பாவை ஒருதரம் சாகக் கொடுத்தாச்சு. இப்ப விஷம் வச்சு இன்னொருதரம் கொல்லணுமா?" என்றாள். நானும் சேய்கோ மாமாவும் அதை இறக்கி, வண்டியில் ஏற்றி, மாமா வீட்டுக் கார் கொட்டகையில் வைத்து, மறுபடி கொண்டுவந்தோம். முழுப் பன்றியைத் தூக்குகிற மாதிரிக் கனம். என் இடுப்பு இன்றைக்கும் அதைச் சொல்கிறது.

இப்போதைக்கு அலமாரியை எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. நாங்கள் இருப்பது வாடகை வீடு. கூடத்தில் என் வீட்டுக்காரி சார்லீனின் டெலிவிஷன் போக ஒரு நாற்காலிக்குத்தான் இடம். வீடு விற்றால்தான் நாங்களும் சொந்தமாக ஒன்று பார்க்க முடியும். அது மட்டுமில்லை அக்கா, உன்னிடம் மறைப்பானேன். எனக்கு இரண்டும் பெண்கள். எனக்குப் பிறகு அந்தப் பலகைகளை யாரிடம் கொடுப்பேன் என்று நினைத்தாலே எனக்கு வேர்க்கிறது. கொஞ்ச நாள் போகட்டும்.

தொடாதே. பார்க்காதே. கையெழுத்தைப் போடு.

உன் தம்பி,
வெண்டெல்


கைமுகி
ஏப்ரல் 2, 1996

வெண்டெலுக்கு,

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? உன் கடிதத்தைப் படித்ததும் இதைத்தான் நினைத்தேன். ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நீ சொன்னபடிதான் செய்தேன். அலமாரியை நகர்த்தவில்லை. சோதனைக்காரர் வருகிற அன்று காலையில் தட்டை ஈரத்துணியால் மூன்று தரம் துடைத்தேன்.

வந்தவர் பெயர் ஸ்டான்ஃபோர்ட் குனியோஷி. நம் ஆள்தான், நம் தாத்தா ஊர்ப் பூர்வீகம், வாய்பாஹூவில் வளர்ந்தவராம். ஐம்பது வயதிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையில் ஓட்டை இருந்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்கு அடியில் டார்ச்சோடு தவழ்ந்து போனார். அவர் கீழேயிருந்து ஒவ்வொரு உத்தரத்தையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டத் தட்ட, மேலே சமையலறையில் நின்ற எனக்கு உள்ளங்காலில் கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் இதுதான், இதுதான் என்று நின்றேன். ஒன்றும் இல்லை. வெளிச்சுவர், ஜன்னல் சட்டம், குளியலறை, எங்கேயும் எதுவும் இல்லை.

பிறகு நடு அறைக்கு வந்தார். அலமாரியைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "ஒரு ஊதுபத்தி வச்சுக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பத்தியை ஏற்றினார், மண்டியிட்டார், மணியை அடித்தார். அப்பாவுக்குக் காது கேட்காது என்று அம்மா ஓங்கி அடிப்பாளே, அவரும் அப்படி அடித்தார்.

மணிச் சத்தம் ஓயுமுன் மேல்தட்டிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்தது. நான் காலையில் வைத்த சோற்றின் மேலேயே விழுந்தது, வெண்டெல். வெள்ளைச் சோற்றின் மேல் பழுப்பாக.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றை விரல் நுனியில் ஒற்றியெடுத்து உருட்டினார். இது எள்ளு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சுவத்துல இருந்து வருதா, அலமாரியில இருந்து வருதான்னு இதை வச்சுச் சொல்ல முடியாதும்மா. நகத்தினாத்தான் தெரியும். நான் நகத்தக்கூடாது, கம்பெனி விதி. நீங்க நகத்துறதா இருந்தா நான் நிக்கிறேன்," என்றார்.

என் தம்பி வரவேண்டும் என்றேன். அவர் தலையாட்டினார். மூத்த மகன் விஷயம் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அறிக்கை வந்துவிட்டது. வீட்டில் உயிருள்ள கரையான் எதுவும் கண்ணில் படவில்லை, ஆனால் நடு அறையில் ஒரு சாமானின் மேல் எச்சம் காணப்பட்டது, அதற்குப் பின்னாலுள்ள சுவர் பார்வைக்கும் கைக்கும் எட்டவில்லை, திறந்து பார்ப்பது நல்லது. இவ்வளவுதான் எழுதியிருக்கிறார். லொரெட்டா சொல்கிறாள், ஒன்று அந்தச் சுவரைக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் வாங்குகிறவர்கள் அந்த இடத்தைப் பார்க்காமலே ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். வேறு வழி இல்லை.

பார்வைக்கும் கைக்கும் எட்டாதது அந்தச் சுவர் மட்டுமா என்று நினைத்துக்கொண்டேன். உன்னைத்தான் சொல்கிறேன்.

நேற்று மரிவிக் ஆஸ்பத்திரி உடுப்போடு வந்தாள். அறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "ஆன்ட்டி, நீங்க பரவாயில்லைன்னு சொன்னா போதும். நாங்க கையெழுத்துப் போட்டுடறோம்," என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். படுத்தால் சுவருக்குள் ஏதோ மெல்லுகிற மாதிரி இருக்கிறது. எழுந்து போய்க் காதை வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை.

என்ன சொல்லட்டும் அவளுக்கு?

டோரீன்


லாஸ் வேகாஸ்
ஏப்ரல் 9, 1996

அக்காவுக்கு,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவர்களாகவே கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார்கள். நீ கத்தியைக் காட்டியா மிரட்டினாய்? அறிக்கையில் எல்லாம் பச்சையாக எழுதியிருக்கிறது, படிக்கத் தெரிந்த நர்ஸ் படித்துவிட்டாள், சரி என்கிறாள். நீ சொல்லவேண்டியது ஒரு வார்த்தை. பரவாயில்லை என்று சொல். அது பொய்யும் இல்லை. சுவர் நிஜமாகவே நன்றாகவும் இருக்கலாம்.

நீ எப்போதுமே இப்படித்தான். நீ வேலை பார்த்த பள்ளிக்கூடச் சமையலறையில் பால் ஒரு நாள் பழசு என்று நீயே மேலிடத்துக்கு எழுதிப் போட்டு, திட்டு வாங்கி வந்து அழுதாயே, அந்தக் கதைதான். சோதனைக்காரன் மணி அடித்தானாம், உதிர்ந்ததாம். அலமாரியை மூடி வைத்திருக்கக் கூடாதா?

நீ அதை நகர்த்தி, பின்னால் சுவர் போயிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். பாங்கு பின்வாங்கும். அவர்கள் போவார்கள். அடுத்து வருகிற ஒவ்வொருத்தரிடமும் அதை நீ எழுதிக் கொடுத்தாகவேண்டும், ஏனென்றால் அப்போது உனக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை மறுபடி தெரியாமல் ஆக்க முடியாது. மோயிலீலி இடம் போகும். முழங்காலோடு நீ அந்த உளுத்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாய், நான் இங்கே உன்னை நினைத்துத் தூங்காமல் கிடப்பேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அந்தப் பூதத்தை நீ கூப்பிடாதே.

கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், அதைத் தொடாதே.

வெண்டெல்


கைமுகி
ஏப்ரல் 22, 1996

தம்பி,

தொட்டுவிட்டேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து படி, பதறாதே. ஆனால் நடந்ததை நடந்தபடிதான் சொல்வேன், கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

உன் கடிதம் வந்த அன்று மரிவிக்கைக் கூப்பிட்டுப் பரவாயில்லை என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். நிஜமாகத்தான். அவளுடைய மாமியார் எடுத்தாள். மரிவிக் வேலைக்குப் போயிருக்கிறாள், வந்ததும் சொல்கிறேன் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "நீங்கதான் அந்த ஆன்ட்டியா? எங்க மருமக உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருக்கா. நல்லவங்க கையால வீடு வாங்குறதே அதிர்ஷ்டம்னு சொன்னா," என்றாள். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மரிவிக்கும் மார்லனும் வரவேண்டும், ஒரு சாமானைத் தூக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

நடுவில் இருந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதே. நீ எழுதினதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நூறு தரம் தோன்றியது. ஸ்டான்ஃபோர்டையும் வரச்சொல்லியிருந்தேன். அவர் லீவு நாள் என்று சொல்லிவிட்டு, பிறகு அவரே கூப்பிட்டு வருகிறேன் என்றார்.

ஞாயிறு காலையில் சோறு வைக்கும்போது அம்மா படத்தைப் பார்த்துச் சொன்னேன்: "உன் மகன் வரலை. நான் தூக்கப்போறேன். திட்டுறதா இருந்தா அவனைத் திட்டு." பிறகு பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தேன். தாத்தாவின் பலகையை எடுத்தபோது கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. மேலே கருப்பு அரக்கு மட்டும்தான் இருந்தது, உள்ளே தூள். அப்பாவுடையதும் பாட்டியுடையதும் அப்படியே. போன வருஷம் வைத்த அம்மாவின் பலகை மட்டும் முழுசாக இருந்தது. அவளைக் கடிக்க அதுகளுக்கும் பயம் போலிருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மார்லன் விமானத்தில் பெட்டி ஏற்றுகிறவன், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் குனிந்தான். நீ முழுப் பன்றி என்றாயே, அப்படித்தான் இருக்கும் என்று நானும் எச்சரித்திருந்தேன். தூக்கினவன் பின்னால் சாய்ந்து விழப்பார்த்தான். எடையே இல்லை. மேலே போன வேகத்தில் அலமாரியின் முதுகுப் பலகை கழன்று கீழே விழுந்து, விழுந்த இடத்திலேயே அப்பளமாக நொறுங்கியது. உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. மரிவிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

நான் சுவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்டான்ஃபோர்ட் என்னைத் தாண்டிப் போய்த் தட்ட ஆரம்பித்தார். ஒரு பலகை. அடுத்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே, ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தியும் பார்த்தார்.

"சுவர் நல்லா இருக்கு. ஒரு பலகைகூடக் கெடலை," என்றார்.

நான் நம்பவில்லை. இன்னொரு தரம் தட்டச் சொன்னேன். தட்டினார். கெட்டியான சத்தம், வெண்டெல். அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்கவேண்டும்.

அப்புறம் அவர்தான் கேட்டார், இந்த வீட்டுக்கு எப்போதாவது கூடாரம் போட்டீர்களா என்று. போட்டோம் என்றேன். அலமாரி அப்போது எங்கே இருந்தது என்றார். சொன்னேன். அம்மா கையை விரித்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "எங்கம்மாவும் அதான் செஞ்சாங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் இதான் செய்யறாங்க. வீட்டைச் சுத்தம் பண்ணிட்டு, கரையானைப் பத்திரமா மாமா வீட்ல வச்சிருந்து திரும்பக் கொண்டாந்துடறாங்க," என்றார்.

புரிகிறதா தம்பி? வீட்டிலிருந்தது எல்லாம் அன்றைக்கே செத்தது. மிச்சமிருந்ததை நீதான் இடுப்பொடியச் சுமந்துபோய்க் காப்பாற்றிக் கொண்டுவந்தாய். அதுகள் வேறெங்கும் போகவில்லை. அப்பாவையும் தாத்தாவையும் தின்றுகொண்டு அங்கேயே குடியிருந்திருக்கின்றன.

அலமாரி வீட்டோடு சேர்ந்ததில்லை, சாமான். அதனால் அது வீட்டு அறிக்கையில் வராதாம். அந்தச் சுவரைப் பார்த்தாயிற்று, குறை இல்லை என்று ஸ்டான்ஃபோர்ட் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டார். நான் என் தாளில் கூடாரம் போட்டது, எச்சம் கண்டது, அலமாரி உளுத்தது எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மரிவிக் படிக்காமலே கையெழுத்துப் போடப் போனாள். படித்துவிட்டுப் போடு என்று அதட்டினேன்.

வீடு விற்ற மாதிரிதான். இப்போது உனக்கும் அதே சட்டப்படி எழுதுகிறேன். உனக்குச் சேரவேண்டிய அலமாரியைப் பற்றி எனக்குத் தெரிந்த குறை: அதில் உயிருள்ள கரையான் இருக்கிறது, கால்வாசி மரம்தான் பாக்கி. உன் அப்பாவும் தாத்தாவும் தூளாகியிருக்கிறார்கள். வாங்கிக்கொள்கிறாயா, இல்லையா?

அக்கா


மோயிலீலி, ஹொனலூலு
மே 27, 1996

வெண்டெல்,

ஒரு மாதம் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? போனில் சார்லீன் நீ குளிக்கிறாய் என்கிறாள். எப்போது கூப்பிட்டாலும் குளிக்கிறாயாம். அந்தப் பாலைவனத்தில் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அலமாரியை ஸ்டான்ஃபோர்ட் கம்பெனிக்கு எடுத்துப்போய், மரச்சாமானுக்கென்று இருக்கும் அறையில் புகை அடித்துக் கொண்டுவந்துவிட்டார். அம்மா பலகையும் உள்ளே போனது. அம்மா, என்னை மன்னித்துக்கொள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். முதுகுக்கு மார்லன் ஒட்டுப்பலகை அடித்துக் கொடுத்தான். அப்பா, தாத்தா, பாட்டி பெயர்களைப் பௌத்தக் கோயில் சாமியார் புதுப் பலகைகளில் எழுதிக் கொடுத்தார்.

நான் மோயிலீலிக்கு வந்துவிட்டேன். லிப்ட் இருக்கிறது, ஜன்னலில் காற்று வருகிறது. ஆனால் இங்கே ஒரு விதி: அறைக்குள் நெருப்பு கூடாது. ஊதுபத்தி, மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. மேலாளரிடம் கெஞ்சிப் பார்த்தேன். அலமாரியை இங்கே கொண்டுவர முடியாது. கோயிலிலும் இடமில்லை, வரிசையில் நிற்கிறார்கள்.

ஆகவே அது நம் பழைய வீட்டிலேயே, அதே சுவரோடு நிற்கிறது. நான் கேட்கவில்லை, மரிவிக்தான் சொன்னாள். "உங்க தம்பி வர்ற வரைக்கும் இருக்கட்டும் ஆன்ட்டி. எங்க குழந்தை ஏசு சிலை பக்கத்துல இருந்தா என்ன?" என்றாள். தினமும் வேலைக்குப் போகுமுன் பானையில் முதல் கரண்டிச் சோற்றை எடுத்து வைக்கிறாளாம். மணி அடிக்கலாமா என்று என்னிடம் போன் செய்து கேட்டாள். மெதுவாக அடி என்றேன்.

உனக்கு ஒன்று தெரியுமா? இத்தனை நாள் சுவருக்காகப் பயந்தேன். இப்போதும் தூக்கம் பிடிப்பதில்லை. நம் அம்மாவுக்கு யாரோ ஒரு பெண் சோறு போடுகிறாள், அவளுக்கு அலுத்துப்போனால் என்ன செய்வது என்ற பயம்.

டோரீன்


லாஸ் வேகாஸ்
ஜூன் 5, 1996

அக்கா,

குளிக்கவில்லை. போனில் உன் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது.

நீ சுவர் நல்லா இருக்கு என்று எழுதியிருந்த இடத்தைப் படித்ததும் வேலை இடைவேளையில் எழுந்து நின்று கத்திவிட்டேன். பக்கத்து மேஜையில் ஆடிக்கொண்டிருந்தவன் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துவிட்டான். அதற்கப்புறம் கூடாரக் கதையைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து எழுத எடுத்தால் கை வரவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் நான் அதைச் சுமந்தேன், அக்கா. அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

நேற்று பெரிய மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பிறகு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்தான் இத்தனை வருஷம் ஓடினேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஏன்ப்பா, சோறு வைக்கத்தானே வேணும்? எனக்குச் சோறு வைக்கத் தெரியாதா?" என்று கேட்டாள். இவ்வளவுதான் விஷயம் என்று எனக்கு ஐம்பத்தாறு வயது வரைக்கும் யாரும் சொல்லவில்லை.

டெலிவிஷனைப் படுக்கையறைக்கு மாற்றியாயிற்று. சார்லீன் முதலில் முறைத்தாள், இப்போது படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்று சமாதானமாகிவிட்டாள். கூடத்துச் சுவரை நானே தட்டிப் பார்த்தேன். எதற்குத் தட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை பதினைந்தாம் தேதி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மரிவிக்கிடம் சோறு வைக்கவேண்டாம் என்று சொல். நான் வைக்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். புகை வாசம் போய்விட்டதா? அம்மாவுக்குக் கொசுவர்த்தி வாசமே ஆகாது. இன்னொன்று, என் இடுப்பு பழைய இடுப்பில்லை. இப்போது அது எவ்வளவு கனம் இருக்கும்? நான் ஒருவனே தூக்க முடியுமா?

வெண்டெல்


மோயிலீலி, ஹொனலூலு
ஜூன் 10, 1996

தம்பி,

வாசம் போய்விட்டது. நானே போய் முகர்ந்து பார்த்தேன். மரிவிக்கிடமும் சொல்லிவிட்டேன். அவள் சோறு வடித்து வைப்பாள், கரண்டி உன் கையில்.

கனத்தைப் பற்றிக் கேட்டாய். ஒட்டுப்பலகையும் புதுப் பெயர்ப் பலகைகளும் சேர்த்தே ஒன்றும் இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் தின்றாயிற்று. ஒரு கையாலேயே தூக்கிவிடலாம்.

ஆனாலும் இரண்டு கையாலும் தூக்கு.

அக்கா